மருத்துவரின் கையைக் கட்டும் சட்டம் யாருக்கு வேலி?

பிரித்தானியாவில் வாழும் எமது குடும்பங்கள் பலவற்றில் இன்று ஒரு மருத்துவரோ, தாதியோ, மருந்தாளரோ இருக்கின்றனர். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அகதிகளாக வந்திறங்கிய தலைமுறை, எரிபொருள் நிலையங்களிலும் கடைகளிலும் இரவு பகலாக நின்று உழைத்துத் தன் பிள்ளைகளை மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுப்பி வைத்தது. அதனால் எழுந்த பெருமை நியாயமானதே. ஆயினும் அப்பெருமையோடு சேர்ந்து ஓர் எதிர்பார்ப்பும் வளர்ந்துவிட்டது. "எங்கட பிள்ளைதானே, இதைச் செய்து தரமாட்டாளா?" என்பதே அந்த எதிர்பார்ப்பு.

ஒரு மருந்துத் துண்டு எழுதித் தரும்படி கேட்கின்றோம். மருத்துவமனையில் வேலை செய்யும் மைத்துனரிடம் வேறொருவரின் பரிசோதனை முடிவைப் பார்த்துச் சொல்லும்படி கேட்கின்றோம். தந்தைக்குப் புற்றுநோய் என்பதை அவரிடம் சொல்லவேண்டாம் என்று மருத்துவரை மறிக்கின்றோம். பதினைந்து வயது மகள் தனியே மருத்துவரிடம் என்ன பேசினாள் என்று விசாரிக்கின்றோம். "இயலாது" என்ற பதில் வரும்போது, "இஞ்ச பிறந்து வளர்ந்த பிள்ளையள் வெள்ளைக்காரர் மாதிரியே மாறிவிட்டினம்" என்று மனம் நோகின்றோம்.

கணினித் துறையில் தொழில் புரியும் நான் மருத்துவன் அல்லன். எனினும், தொண்டனாக எமது குடும்பங்களோடு பழகும் வேளைகளில் இக்கேள்விகள் திரும்பத் திரும்ப எழக் கண்டுள்ளேன். என் கருத்து இதுதான்: மருத்துவப் பணியாளர் மீது சட்டமும் தொழில்நெறியும் விதித்துள்ள எல்லைகள் அவர்களது கல்மனத்தின் அடையாளங்கள் அல்ல. அவை நோயாளருக்குச் சொந்தமான வேலிகள். காணிக்கு வேலி எவ்வளவு பெறுமதியானது என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எமது வீட்டில் மிக நலிந்தவரைச் சுற்றி இந்நாட்டுச் சட்டம் அடைத்துள்ள வேலியின் கதியாலைப் பிடுங்கும்படி, எம் பிள்ளைகளையே நாம் கேட்கலாமா?

ஒரு துண்டு எழுதித் தந்தால் என்ன?

முதலில் மருந்துச் சீட்டை எடுத்துக்கொள்வோம். ஜி.எம்.சி. எனப்படும் பொது மருத்துவப் பேரவை, இந்நாட்டு மருத்துவர்களின் பதிவேட்டைப் பேணும் நிறுவனம். 1858ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டத்தினால் தோற்றுவிக்கப்பட்டது. தனக்கோ, தனக்கு நெருக்கமானவர்களுக்கோ மருத்துவம் பார்ப்பதை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்று அது தன் மருத்துவர்களுக்கு அறிவுறுத்துகின்றது. தவிர்க்க முடியாத நிலையில் மருந்து எழுதினால், நோயாளருக்கும் தனக்கும் உள்ள உறவு என்ன, ஏன் எழுத நேர்ந்தது என்பவற்றை உடனே பதிவு செய்தல் வேண்டும். நோயாளர் மறுத்தாலன்றி, அவருடைய குடும்ப மருத்துவருக்கும் அறிவித்தல் வேண்டும். மோர்பின் போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளாயின், உயிரைக் காப்பதற்கோ, கடும் பாதிப்பையோ தாங்கொணா வலியையோ தடுப்பதற்கோ உடனடியாகத் தேவைப்பட்டு, எழுதும் உரிமையுள்ள வேறெவரும் கிடைக்காத வேளையில் மட்டுமே எழுதலாம்.

இந்த விதி வெறும் காகிதச் சடங்கன்று. உறவுக்காரப் பெண் பிள்ளை மருத்துவராக இருப்பினும், மாமாவின் மருத்துவக் கோப்பு அவள் முன் இல்லை. குருதி உறைதலைத் தடுக்கும் வார்பரின் மாத்திரையை மாமா எடுத்து வருகின்றார் என்பதை அறியாமல் மெட்ரோனிடசோல் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியை எழுதினால், வார்பரினின் வீரியம் கூடிக் குருதிப்பெருக்கு ஏற்படலாம். அறிமுகமற்ற மருத்துவர் "நாளொன்றுக்கு எவ்வளவு மது அருந்துகின்றீர்கள்?" என்று தயங்காது கேட்பார். மருமகள் கேட்கக் கூசுவாள். கேட்டாலும் மாமா உண்மையைச் சொல்லமாட்டார். உறவு நெருங்க நெருங்க மருத்துவனின் கண் மங்குகின்றது. சட்டம் அஞ்சுவது இதற்குத்தான்.

மருந்தாளருக்கும் இவ்வாறே எல்லை உண்டு. ஊரில் மருந்துக் கடைக்குச் சென்று பெயரைச் சொன்னால் மாத்திரை கைக்கு வரும் பழக்கம் எம்மிற் பலருக்கு உண்டு. இங்கே 2012ஆம் ஆண்டின் மனித மருந்துகள் ஒழுங்குவிதிகளின் கீழ், மருந்துச் சீட்டுடன் மட்டும் வழங்கப்பட வேண்டியவை எவை என்பது வகுக்கப்பட்டுள்ளது. யாழ்ப்பாணத்து மருத்துவர் எழுதிய சீட்டு எத்துணை சரியானதாயினும், இங்குள்ள மருந்தகத்தில் அது செல்லுபடியாகாது. விடுமுறைக்கு வந்த அம்மாவின் குருதி அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டதா? இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர் நிலையமொன்றில் 24 மணித்தியாலத்துக்கு மேல் மூன்று மாதத்துக்குள் தங்குபவராக, தற்காலிக நோயாளர் பதிவைக் கேட்கலாம். அங்கு மருத்துவரைக் காண்பதற்குக் கட்டணமில்லை. வழி இருக்கின்றது. அது எமது மருந்தாளரின் மேசைக்குப் பின்புறமாகச் செல்லும் வழியன்று.

இன்னொரு துன்பமும் எம்மிடையே உண்டு. தாயகத்தில் பல்லாண்டு மருத்துவம் பார்த்து, இங்கு வந்து ஜி.எம்.சி.யின் தகுதித் தேர்வை எழுதக் காத்திருக்கும் மருத்துவர்கள் இருக்கின்றனர். அவர்களது அறிவில் ஐயமில்லை. ஆயினும் 2009ஆம் ஆண்டு முதல், பதிவு மட்டுமன்றித் தொழில் புரியும் உரிமமும் கையில் இருந்தாலே இங்கு மருத்துவராகச் செயற்பட முடியும். அவர்களை வீட்டுக்கு அழைத்து "ஒருக்கால் பாருங்கோ" என்று கேட்பது மரியாதை போலத் தோன்றும். அவர்கள் மீண்டும் கட்டியெழுப்ப முயலும் வாழ்வை அது ஆபத்தில் வைக்கின்றது.

நம்பிக்கை மட்டும் போதாது

"எங்கட டொக்டரை எங்களுக்குத் தெரியாதா? அவரில் நம்பிக்கை இல்லையா?" என்று சிலர் கேட்பர். இக்கேள்விக்கு இந்நாடு மிகக் கொடிய விலை கொடுத்துப் பதிலைப் பெற்றது. மான்செஸ்டருக்கு அருகேயுள்ள ஹைட் என்னும் நகரில் குடும்ப மருத்துவராக இருந்த ஹரோல்ட் ஷிப்மன், தன் நோயாளர்கள் பதினைந்து பேரைக் கொன்ற குற்றத்துக்காக 2000ஆம் ஆண்டு சனவரியில் தண்டிக்கப்பட்டார். நீதிபதி ஜனெட் சிமித் தலைமையிலான விசாரணை, 2002இல் வெளியிட்ட தன் முதல் அறிக்கையில், அவரால் கொல்லப்பட்டவர்கள் 215 பேர் என்று கண்டது. அவர்களில் பெரும்பாலோர் முதிய பெண்கள். அவரை நம்பியவர்கள், அவர் வீட்டுக்கு வந்து பார்ப்பதை நன்றியோடு ஏற்றவர்கள். அவர் பயன்படுத்தியது டயமோர்பின் என்னும் வலி நீக்கி. இதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே, 1976இல், பெதிடின் மருந்தைத் தனக்காகப் பெறுவதற்குப் பொய்ச் சீட்டு எழுதியமைக்காக அவர் தண்டிக்கப்பட்டிருந்தும், தொழிலைத் தொடர அனுமதிக்கப்பட்டார்.

அக்கொடுமைக்குப் பின்னரே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் கண்காணிப்பு 2006ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டத்தினால் இறுக்கப்பட்டது. மருத்துவர்கள் தமது தகுதியைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை மீள உறுதிப்படுத்தும் முறையும் 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. நல்ல மருத்துவர்கள் ஆயிரமாயிரம் பேர் இருக்க, ஒருவனுக்காக எல்லோரையும் கட்டுவதா என்று கேட்கலாம். நல்லவரையும் தீயவரையும் நோயாளரால் முன்கூட்டியே இனங்காண முடியாது என்பதே விடை. நல்ல மருத்துவர் விதிக்கு உட்பட்டு நடப்பதனால் தான், விதியை மீறுபவன் வெளியே தெரிகின்றான்.

கோப்பைத் திறப்பவரின் பெயரும் பதிவாகும்

என் தொழிலோடு தொடர்புடைய விடயத்துக்கு வருகின்றேன். முன்னர் நோயாளரின் கோப்பு இரும்பு அலுமாரியில் இருந்தது. இன்று அது கணினியில் இருக்கின்றது. மருத்துவமனைப் பணியாளர் பலருக்கு அதைத் திறக்கும் தொழில்நுட்ப வசதி உண்டு. திறக்கும் வசதி வேறு, திறக்கும் உரிமை வேறு. நோயாளரைப் பராமரிக்கும் கடமை தனக்கு இருந்தாலன்றி, தன் மனைவியின் கோப்பையேனும் ஒருவர் பார்த்தல் ஆகாது.

எமது மக்கள் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. இத்தகைய கணினி அமைப்புகள், யார், எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தக் கோப்பைத் திறந்தார் என்பதைப் பதிந்து வைக்கின்றன. "சும்மா ஒருக்கால் பார்" என்று நாம் கேட்பது எமக்கு மறந்துபோகும், கணினிக்கு மறவாது. நிறுவனத்தின் இசைவின்றித் தனியாள் தரவைத் தெரிந்தே பெறுதல் 2018ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 170ஆம் பிரிவின்படி குற்றம். அதற்குத் தண்டப்பணம் உண்டு. அனுமதியின்றிக் கணினித் தரவை அணுகுதல் 1990ஆம் ஆண்டின் கணினித் துர்ப்பிரயோகச் சட்டத்தின்படியும் குற்றம். அதற்குச் சிறைத்தண்டனையும் விதிக்கப்படலாம். இக்குற்றங்களுக்காக மருத்துவமனைப் பணியாளர்கள் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுள்ளனர்.

சட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டு எம் சமூகத்தின் அளவை எண்ணிப் பாருங்கள். ஈஸ்ட்ஹாமில் ஒரு வீட்டில் பேசியது மறுநாள் ஹரோவில் கேட்கும். கருச்சிதைவுக்கு ஆளான ஒரு பெண், மனநலச் சிகிச்சை பெறும் ஓர் இளைஞன், கணவனின் அடியால் காயமுற்று வந்த ஒரு மனைவி: இவர்கள் அனைவரும் மருத்துவமனை வாயிலில் ஒரு தமிழ் முகத்தைக் கண்டதும் திரும்பிப் போகும் நிலை உண்டாகலாகாது. "இவர் எங்கட ஆள், வெளியில் சொல்லமாட்டார்" என்ற உறுதி பிறந்தால்தான், எம்மவர் அங்கு பணிபுரிவது எமக்குப் பயன் தரும்.

பெரியவரிடம் மறைக்கலாமா?

எமது பண்பாட்டோடு சட்டம் நேரே முட்டும் இடம் இது. எமது வீடுகளில் நோய் ஒருவருடையது, முடிவு குடும்பத்தினுடையது. கொடிய நோயென்றால், மூத்த மகனிடம் சொல்லிவிட்டு நோயாளரிடம் மறைப்பதே அன்பு என்று நினைக்கின்றோம். இந்நாட்டு மருத்துவரோ அவ்வாறு செய்ய இயலாதவர். உறவினர் கேட்டார் என்பதற்காக நோயாளரிடமிருந்து தகவலை மறைத்தலாகாது என்பது ஜி.எம்.சி.யின் நெறி. சொன்னால் கவலைப்படுவார் என்பது போதிய காரணமன்று. கடும் தீங்கு நேரும் என்ற அரிதான நிலை இருத்தல் வேண்டும்.

வாழ்க்கைத் துணையோ பிள்ளையோ ஆனாலும், நெருங்கிய உறவு என்ற காரணத்தால் மட்டும் வளர்ந்த ஒருவருக்காகச் சிகிச்சை முடிவெடுக்கும் உரிமை இங்கிலாந்திலும் வேல்சிலும் கிடையாது. 2005ஆம் ஆண்டின் உளத்தகைமைச் சட்டத்தின்படி, ஒருவர் தானே முடிவெடுக்க வல்லவர் என்றே முதலிற் கொள்ளப்படும். ஆங்கிலம் தெரியாமை தகைமையின்மை ஆகாது. மருத்துவர் கண்ணில் தவறாகப் படும் முடிவை எடுப்பதும் தகைமையின்மை ஆகாது.

எனினும் சட்டம் குடும்பத்தை வெளியே தள்ளவில்லை. "எனக்கு எதுவும் சொல்லவேண்டாம், என் மகளிடம் பேசுங்கள்" என்று ஐயா தாமே சொன்னால், மருத்துவர் மகளிடம் பேசலாம். வேறுபாடு ஒன்றே: அந்த வாய்ப்பை ஐயா தர வேண்டும், நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. அறிவு தெளிவாக உள்ளபோதே, பிற்காலத்தில் தனக்காக யார் முடிவெடுக்கலாம் என்று நிலைத்த அதிகாரப் பத்திரம் எழுதி முறைப்படி பதிவு செய்யலாம். காணி உறுதியைப் பத்திரமாக வைத்திருக்கும் எம்மவரில் இப்பத்திரத்தை எழுதியவர் எத்தனை பேர்?

மொழிபெயர்ப்பையும் இங்கு குறிப்பிட வேண்டும். அம்மம்மாவோடு பத்து வயதுப் பேரனை அனுப்பி மொழிபெயர்க்கச் செய்யும் வழக்கம் இன்னும் உள்ளது. அம்மம்மா தன் உடலின் அந்தரங்கத்தை அவனிடம் சொல்லமாட்டார். அவனுக்கும் அதற்குரிய சொற்கள் இரு மொழியிலும் தெரியா. தேசிய சுகாதார சேவையில் உரைபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறலாம். சந்திப்பைப் பதிவு செய்யும்போதே "தமிழ் உரைபெயர்ப்பாளர் தேவை" என்று சொன்னாற் போதும். மருத்துவர் குடும்பத்தவரின் மொழிபெயர்ப்பை ஏற்கத் தயங்குவது அவமதிப்பன்று. குடும்பத்தவர் எதைச் சொன்னார், எதை விழுங்கினார் என்பது அவருக்குத் தெரியாதல்லவா?

பதினைந்து வயது மகளின் இரகசியம்

பெற்றோர் மிகுதியும் அஞ்சும் விடயம் இதுவே. 16, 17 வயதினர் தம் சிகிச்சைக்குத் தாமே இசைவு தரலாம் என்று 1969ஆம் ஆண்டிலேயே சட்டம் வகுத்தது. 16 வயதுக்குக் குறைந்தோர் பற்றிய வழக்கை விக்டோரியா கில்லிக் என்னும் தாய் தொடுத்தார். பெற்றோரின் இசைவின்றிக் கருத்தடை ஆலோசனை வழங்கலாம் என்ற சுகாதாரத் திணைக்களத்தின் சுற்றறிக்கையை அவர் எதிர்த்தார். 1985இல் பிரபுக்கள் சபை மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. முன்வைக்கப்படும் சிகிச்சையை முழுமையாக விளங்கிக்கொள்ளும் அறிவும் முதிர்ச்சியும் உள்ள பிள்ளை, 16 வயதுக்குக் குறைந்தவராயினும் இசைவு தரலாம் என்பதே அதன் சாரம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாழும் உறவுகளுக்கும் இது புதிதன்று. அங்கு 1996ஆம் ஆண்டின் சட்டம் இதற்குக் குறைந்தபட்ச வயதையே வகுக்கவில்லை.

பெற்றோரே, சினங்கொள்ளுமுன் மறுபாதியையும் கேளுங்கள். மருத்துவர் அப்பிள்ளையிடம் பெற்றோருக்குச் சொல்லும்படி தூண்ட வேண்டும் என்றே நெறி கூறுகின்றது. கடும் தீங்கு நேரும் ஆபத்து இருப்பின், இரகசியத்தை மீறி உரியவர்களுக்கு அறிவிக்கும் கடமையும் மருத்துவருக்கு உண்டு. 13 வயதுக்குட்பட்ட பிள்ளையின் பாலியல் தொடர்பாயின் இக்கடமை மேலும் கடுமையானது. ஆகவே இது பிள்ளைக்கு விட்ட கட்டற்ற உரிமையன்று. மறைத்துத் தனக்குத் தானே தீங்கு செய்யும் பிள்ளை, ஒரு பெரியவரிடமாவது வாய் திறப்பதற்கு வைத்த வாசல். அவ்வாசலை அடைத்தால் பிள்ளை எம்மிடம் வரும் என்பது உறுதியா? பயந்து எவரிடமும் போகாமல் இருப்பதே பெரும்பாலும் நிகழும்.

இளையோரே, உங்களுக்கும் ஒரு சொல். இவ்வுரிமை உங்கள் பெற்றோருக்கு எதிரான ஆயுதமன்று. அவர்கள் வளர்ந்த ஊரில் மருத்துவரும் அப்பாவும் ஒரே பக்கத்தில் நின்றனர். இங்கு ஏன் அவ்வாறில்லை என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு உங்களுடையது.

எதிரே இருப்பவர் யார்?

வேலியை மதிப்பது என்பது பணிந்து போவதன்று. எதிரே இருப்பவர் தம் எல்லைக்குள் நிற்கின்றாரா என்று கேட்கும் உரிமையும் நோயாளருக்கு உண்டு. வெள்ளை மேலங்கியும் கழுத்தில் குழாயும் கண்டதும் "டொக்டர்" என்று எழுந்து நிற்பது எமது வழக்கம். பிசிஷன் அசோசியேட் என்ற பெயரில் பணிபுரிவோர் மருத்துவர் அல்லர். அவர்கள் 2024 டிசம்பர் முதல் ஜி.எம்.சி.யின் ஒழுங்குமுறைக்குள் வந்துள்ளனர்; ஆயினும் மருந்துச் சீட்டு எழுதவோ எக்ஸ்-றே எடுக்கப் பணிக்கவோ அவர்களுக்கு அதிகாரமில்லை. நோயாளர் இவர்களை மருத்துவர் என மயங்குவதைத் தவிர்க்க, "அசிஸ்டன்ட்" என்று பெயரை மாற்றும்படி 2025 சூலையில் வெளியான லெங் ஆய்வறிக்கை பரிந்துரைத்தது. மறுபுறம், மேலதிகத் தகுதி பெற்ற தாதியரும் மருந்தாளரும் சீட்டு எழுதலாம். இங்கிலாந்தில் 2024 சனவரி 31 முதல் தொண்டைநோ, காதுவலி, அக்கி முதலான ஏழு நோய்களுக்கு, வயது முதலிய வரையறைகளுக்கு உட்பட்டு, மருந்தகங்களே உரிய மருந்தை வழங்குகின்றன. "தாதிதானே" என்று ஒருவரை ஒதுக்குவதும் தவறு. "டொக்டர்தானே" என்று ஒருவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைப்பதும் தவறு. "நீங்கள் யார், உங்கள் பணி என்ன?" என்று பணிவாகக் கேளுங்கள். அது மரியாதைக் குறைவன்று.

நாம் செய்யக்கூடியவை

எமது தமிழ்ப் பாடசாலைகளும் கோயில்களும் ஊர்ச் சங்கங்களும் ஆண்டுதோறும் விழா எடுக்கின்றன. அவற்றில் ஒரு மணித்தியாலத்தை ஒதுக்கி, எமது மருத்துவர்களையும் தாதியரையும் மருந்தாளர்களையும் மேடைக்கு அழைப்போம். மண்டபத்தின் மூலையில் வைத்துத் தனித்தனியே துண்டு கேட்பதை விடுத்து, எல்லோருக்கும் பொதுவாக வழிகாட்டக் கேட்போம். உரைபெயர்ப்பாளரைப் பெறும் முறை, அதிகாரப் பத்திரம் எழுதும் முறை, குடும்பத்தில் யாரிடம் பேசலாம் என்பதை நோயாளரே கோப்பில் பதியச் செய்யும் முறை ஆகியவற்றை அவர்கள் தமிழில் விளக்கட்டும். அதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. அவர்களது அறிவு சமூகத்துக்கு முறையாகப் பயன்படும் வழி அதுவே.

"இயலாது மாமா" என்று சொல்லும் மருமகள், மாமாவை மறுக்கவில்லை. பெயர் தெரியாத ஆயிரம் நோயாளருக்குத் தான் கொடுத்த வாக்கைக் காக்கின்றாள். நாளை அந்த ஆயிரத்தில் ஒருவராக நாமும் படுக்கையில் கிடப்போம். அன்று எமது கோப்பை எவரும் வேடிக்கைக்காகத் திறவாமல், எமது உடலைப் பற்றிய உண்மையை எமக்கே முதலிற் சொல்லி, எமது சொல்லைக் கேட்டு மருத்துவம் செய்வதே எமது விருப்பமாக இருக்கும். அதை இன்றே மற்றவர்க்கும் விட்டுக்கொடுப்போம்.